துரோகி என்ற பட்டமும் வழக்கில் இல்லாத குற்றமும்: எட்வர்ட் ஸ்னோடென் விவகாரம்

2013 மார்ச் 12. அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு தொலைக்காட்சிக் கேமராக்கள் முன்னால் கூடியிருந்தது. தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் ஆரெகன் மாநில செனட்டர் ரான் வைடன் கேட்டார்: பல லட்சம், பல கோடி அமெரிக்கர்களைப் பற்றிய எந்த வகைத் தகவலையாவது என்.எஸ்.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமை திரட்டுகிறதா? "இல்லை, ஐயா" என்றார் கிளாப்பர். வைடன் விடவில்லை. "இல்லையா?" என்று மறுபடி கேட்டார். நெற்றியைத் தடவியபடி, "தெரிந்தே திரட்டுவதில்லை" என்று பதில் வந்தது.

வைடனுக்கு விடை முன்பே தெரியும். குழு உறுப்பினர் என்ற முறையில் மூடிய அறையில் ரகசிய விளக்கங்களைக் கேட்டவர் அவர். கேள்வியை முந்தைய நாளே கிளாப்பரின் அலுவலகத்துக்கு அனுப்பியும் வைத்திருந்தார். ஆனாலும் "நீங்கள் சொல்வது உண்மையில்லை" என்று அந்த மேடையில் அவரால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவரே அரசு ரகசியத்தை வெளியிட்டவர் ஆகிவிடுவார். கூட்டம் முடிந்த பிறகு பதிலைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பையும் கொடுத்தார். திருத்தம் வரவில்லை.

என்.எஸ்.ஏ.வின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடெனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஹாங்காங் ஓட்டல் அறையிலிருந்து கதையை ஆரம்பிப்பார்கள். எனக்கு இந்தக் கேள்வி பதில்தான் முக்கியமாகப் படுகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த, உண்மை தெரிந்த ஒரு செனட்டருக்கே வாய் கட்டப்பட்டிருந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து 29 வயது ஒப்பந்த ஊழியர் ஒருவர் வாய் திறந்தார். அவரை நாட்டைக் காட்டிக்கொடுத்தவர் என்று சொல்வதா, வேண்டாமா என்று அமெரிக்கா இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

வெளியே வந்த முதல் காகிதம்

எட்வர்ட் ஸ்னோடென் 1983இல் வட கரோலினாவில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, பயிற்சிக் காலத்திலேயே காலில் அடிபட்டு வெளியேறினார். பிறகு சி.ஐ.ஏ.வில் கணினிப் பணி. ஜெனீவாவில் சில காலம். 2009இலிருந்து டெல், அடுத்து பூஸ் ஆலன் ஹாமில்டன் என்று தனியார் நிறுவனங்களின் சம்பளத்தில் என்.எஸ்.ஏ.வுக்காக வேலை பார்த்தார். கடைசியாக இருந்தது ஹவாயில். 2013 மே 20 அன்று ஹாங்காங்குக்கு விமானம் ஏறினார். ஜூன் தொடக்கத்தில் பத்திரிகையாளர் க்ளென் கிரீன்வால்ட், ஆவணப்பட இயக்குநர் லாரா போய்ட்ரஸ், கார்டியன் நிருபர் யூவென் மெக்காஸ்கில் மூவரும் அங்கே அவரைச் சந்தித்தார்கள். ஜூன் 5 அன்று கார்டியன் முதல் செய்தியை வெளியிட்டது. ஜூன் 9 அன்று அவரே தன் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்தினார்.

முதல் செய்திக்கு ஆதாரமான காகிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது, ரகசியமாகக் கூடி உளவுக் கண்காணிப்புக்கு அனுமதி தரும் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றம் 2013 ஏப்ரல் 25 அன்று பிறப்பித்த உத்தரவு. நீதிபதி ரோஜர் வின்சன் கையெழுத்திட்டது. வெரைசன் என்ற தொலைபேசிக் குழுமத்தின் ஒரு நிறுவனம், தன் வழியே போகும் எல்லாத் தொலைபேசி அழைப்புகளின் விவரத்தையும் ஜூலை 19 வரை அன்றாடம் என்.எஸ்.ஏ.விடம் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு அழைப்புகள் மட்டுமா என்றால் இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே பேசும் அழைப்புகள், உள்ளூர் அழைப்புகள் உட்பட என்று உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. இப்படி ஓர் உத்தரவு இருப்பதையே யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் இருந்தது. காகிதத்தின் மேல் அச்சிட்டிருந்த, ரகசிய நிலை நீங்கும் தேதி: 2038 ஏப்ரல் 12.

அதாவது, தங்கள் அழைப்பு விவரங்களை அரசு எடுத்துவைத்திருக்கிறது என்பதை அமெரிக்கர்கள் சட்டப்படி அறிந்துகொள்ள 25 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

அரசுத் தரப்பு சொன்னதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சை ஒட்டுக் கேட்கவில்லை. யார் யாரை அழைத்தார், எப்போது, எத்தனை நேரம் என்ற மெட்டாடேட்டா மட்டும்தான். அந்தக் குவியலில் தேடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2012 முழுக்க 300க்கும் குறைவான எண்களை வைத்துத்தான் தேடினோம். இதுதான் அவர்களின் வாதம். அந்த 300 என்ற எண்ணிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் மூன்று கட்டம் வரை விரிந்து போக அனுமதி இருந்தது: சந்தேக எண், அதோடு பேசியவர்கள், அவர்களோடு பேசியவர்கள், அவர்களோடு பேசியவர்கள். ஒருவர் சராசரியாக 100 பேரோடு பேசுவார் என்று வைத்துக்கொண்டால் மூன்றாம் கட்டத்தில் 10 லட்சம் பேர் வந்துவிடுவார்கள். பேச்சு இல்லாவிட்டால் என்ன தெரிந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒரு பெண் காலையில் மகப்பேறு மருத்துவரை அழைக்கிறார், உடனே தாயிடம் ஒரு மணி நேரம் பேசுகிறார், மாலையில் விவாகரத்து வழக்கறிஞரை அழைக்கிறார். இதில் ஒரு வார்த்தைகூடக் கேட்கத் தேவையில்லை. என்.எஸ்.ஏ.வின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடனே 2014இல் ஒரு விவாத மேடையில், மெட்டாடேட்டாவை வைத்து நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்கர்களிடம் திரட்டிய இந்த விவரங்களை அப்படிப் பயன்படுத்துவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அது இருக்கட்டும், "மெட்டாடேட்டா மட்டும்தானே" என்ற பேச்சுக்கு அதன் பிறகு பெரிய மதிப்பில்லை.

கதவைத் திறந்த சாவி

இந்த விவகாரத்தில் பலர் கவனிக்காமல் கடந்து போகும் ஒரு விஷயம் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை துரோகி விவாதமே இதில்தான் நிற்கிறது.

2013 பிப்ரவரி 26 அன்று, ஸ்னோடென் வெளியே வருவதற்குச் சில மாதம் முன்னால், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்தது. வேறொரு கண்காணிப்புச் சட்டத்தை எதிர்த்து ஆம்னெஸ்டி அமைப்பும் வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் தொடுத்த வழக்கு அது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள் என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை, வெறும் ஊகம்தான், ஆகவே வழக்குத் தொடுக்கவே உங்களுக்குத் தகுதி இல்லை. ஆதாரமோ அரசின் ரகசியப் பெட்டியில் இருக்கிறது. அரசு தராது. அரசு தராததால் நீதிமன்றம் கேட்காது.

ஜூன் 5 அன்று வெரைசன் உத்தரவு வெளியானது. அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கம் அதே வெரைசன் நிறுவனத்தின் வாடிக்கையாளர். ஆறே நாளில், ஜூன் 11 அன்று, வழக்குப் போட்டார்கள். இந்த முறை ஊகம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உத்தரவு எல்லார் கையிலும் இருந்தது. 2015 மே 7 அன்று நியூயார்க்கில் உள்ள இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசு ஆதாரமாகக் காட்டிய தேசப்பற்றுச் சட்டத்தின் 215ஆம் பிரிவு இப்படி மொத்தமாக அள்ளுவதற்கு அனுமதி தரவில்லை. அடுத்த மாதமே, ஜூன் 2 அன்று, நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி மொத்தத் திரட்டலை நிறுத்தியது. 2020 செப்டம்பரில் ஒன்பதாம் வட்ட நீதிமன்றமும் அந்தத் திட்டம் சட்டவிரோதமானது என்றது, அரசியலமைப்புக்கே முரணாக இருந்திருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது.

எல்லா நீதிபதிகளும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று சொல்ல மாட்டேன். 2013 டிசம்பரில் வாஷிங்டன் நீதிபதி ரிச்சர்ட் லியான் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். 11 நாள் கழித்து நியூயார்க் நீதிபதி வில்லியம் பாலி அது சட்டப்படியானதே என்றார். வாதம் செய்ய இடமிருந்தது, இரண்டு பக்கமும் படித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்த வாதமே வெளிப்படையான நீதிமன்றத்தில் நடந்ததற்கு ஒரே காரணம், திருட்டுத்தனமாக வெளியே வந்த ஒரு காகிதம்.

பயன் இருந்ததா என்பதையும் பார்த்துவிடுவோம். 50க்கும் மேற்பட்ட பயங்கரவாதச் சதிகள் கண்காணிப்பால் முறியடிக்கப்பட்டன என்று என்.எஸ்.ஏ. தலைவர் கீத் அலெக்சாண்டர் 2013இல் சொன்னார். தொலைபேசித் திட்டத்தை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்த அரசின் சொந்த மேற்பார்வை வாரியம், 2014 ஜனவரி அறிக்கையில், அமெரிக்காவுக்கு அச்சுறுத்தலான பயங்கரவாத விசாரணை ஒன்றின் முடிவை இந்தத் திட்டம் மாற்றியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்று எழுதியது.

பட்டம் கொடுத்தவர்கள்

பெயர் வெளியான இரண்டாம் நாளே நாடாளுமன்ற அவைத்தலைவர் ஜான் பெய்னர் தொலைக்காட்சியில் "அவர் ஒரு துரோகி" என்றார். அந்த வாரக் கடைசியில் முன்னாள் துணை அதிபர் டிக் செனியும் அதையே சொன்னார். இருவரும் குடியரசுக் கட்சி. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் இதைத் தேசத்துரோகச் செயல் என்றார். 2014இல் வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரி "கோழை, துரோகி" என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். வியட்நாம் போர் பற்றிய ரகசியமான பென்டகன் ஆவணங்களை 1971இல் வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க் நேர் எதிர்ப்பக்கம் நின்றார். அமெரிக்க வரலாற்றில் இதைவிட முக்கியமான கசிவு கிடையாது, தன்னுடையது உட்பட, என்று எழுதினார்.

பொதுமக்கள்? குவினிபியாக் பல்கலைக்கழகம் 2013 ஜூலையில் எடுத்த கருத்துக்கணிப்பில் 55 சதவீதம் பேர் ஸ்னோடெனை அம்பலப்படுத்தியவர் என்றார்கள். 34 சதவீதம் பேர் துரோகி என்றார்கள். அதற்கு முந்தைய மாதம் பியூ நிறுவனம் எடுத்த கணிப்பு எனக்கு இன்னும் சுவாரசியமானது. கசிவு பொது நலனுக்கு உதவியது என்றவர்கள் 49 சதவீதம், கெடுத்தது என்றவர்கள் 44. ஆனால் அவர் மீது குற்றவழக்கு நடத்த வேண்டுமா என்ற கேள்விக்கு 54 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். நல்ல காரியம்தான், வழக்கும் போடு என்று ஒரே மூச்சில் சொன்னவர்கள் கணிசமாக இருந்திருக்கிறார்கள். இது குழப்பம் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செய்தது சட்டமீறல், ஆனாலும் அதனால் நாங்கள் தெரிந்துகொண்டது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று ஒரு சாதாரண மனிதர் நினைப்பதில் என்ன முரண்பாடு? டிவி ஸ்டுடியோவில் வீரனா துரோகியா என்று இரண்டே பெட்டி வைத்துக் கேட்டவர்களைவிட அந்த மக்கள் தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

நீதித்துறைத் தலைவராக இருந்து அவர் மீது வழக்குப் பதிந்த எரிக் ஹோல்டரே பதவி விலகிய பிறகு, 2016 மே மாதம், அந்த விவாதத்தை எழுப்பியதன் மூலம் அவர் ஒரு பொதுச்சேவை செய்தார் என்றும், ஆனால் செய்தது தவறு, தண்டனையை ஏற்க வேண்டும் என்றும் சொன்னார்.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்க அரசியலமைப்பு ஒரே ஒரு குற்றத்தைத்தான் தன் உடலுக்குள்ளேயே வரையறுத்து வைத்திருக்கிறது. அது தேசத்துரோகம். மூன்றாம் பகுதியின் மூன்றாம் பிரிவு: நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது, அல்லது எதிரிகளோடு சேர்ந்துகொண்டு அவர்களுக்கு உதவியும் ஆதரவும் தருவது. இதைத் தவிர வேறு எதுவும் துரோகம் ஆகாது. ஒரே செயலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது திறந்த நீதிமன்றத்தில் குற்றவாளியே ஒப்புக்கொள்ள வேண்டும். பிடிக்காதவனையெல்லாம் துரோகி என்று சொல்லித் தலையை வாங்கிய மன்னராட்சி அனுபவம் அதை எழுதியவர்களுக்கு இருந்தது. அதனால்தான் இவ்வளவு இறுக்கம்.

ஸ்னோடென் மீது 2013 ஜூன் 14 அன்று பதிவான குற்றச்சாட்டுகள் மூன்று. அரசு சொத்தைத் திருடியது. தேசப் பாதுகாப்புத் தகவலை அனுமதியின்றித் தெரிவித்தது. ரகசியத் தகவல்தொடர்பு உளவு விவரத்தைத் தகுதியில்லாதவருக்கு வேண்டுமென்றே தெரிவித்தது. ஒவ்வொன்றுக்கும் பத்து ஆண்டு வரை சிறை. கடைசி இரண்டும் 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. தேசத்துரோகம் அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனை கோபத்தில் இருந்த அரசின் வழக்கறிஞர்களே அதை எழுதவில்லை. தொலைக்காட்சியில் சொல்வதற்குச் செலவில்லை. நீதிமன்றத்தில் எதிரி யார், என்ன உதவி என்று காட்ட வேண்டும்.

சரி, துரோகம் இல்லாவிட்டாலும் உளவுச் சட்டம் இருக்கிறதே, நேரே வந்து நீதிமன்றத்தில் தன் நியாயத்தைச் சொல்ல வேண்டியதுதானே? இந்தக் கேள்வியை ஒபாமாவும் கேட்டார், ஹிலரி கிளிண்டனும் கேட்டார், கெர்ரியும் கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உளவுச் சட்டத்தின்படி நடக்கும் விசாரணையில், ஏன் வெளியிட்டேன் என்பதைச் சொல்லித் தப்ப இடமில்லை. பொது நலனுக்காகச் செய்தேன் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு வாதமே கிடையாது. வெளிநாட்டுக்கு விற்றவனும் பத்திரிகைக்குக் கொடுத்தவனும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே கூண்டில் நிற்க வேண்டும்.

எல்ஸ்பர்க் தன் அனுபவத்தைப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1973இல் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நிற்கிறார். மொத்தம் 115 ஆண்டு சிறைத் தண்டனைக்குரிய குற்றச்சாட்டுகள். அவருடைய வழக்கறிஞர் கேட்கிறார்: ஏன் அந்த ஆவணங்களை நகல் எடுத்தீர்கள்? பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அரசு வழக்கறிஞர் ஆட்சேபிக்கிறார். நீதிபதி ஆட்சேபத்தை ஏற்கிறார். கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தும் அதே முடிவு. தான் செய்ததை ஏன் செய்தேன் என்று ஜூரிகளிடம் சொல்ல ஒருவருக்கு அனுமதியில்லாத வழக்கை நான் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார் வழக்கறிஞர். இப்போது கேள்விப்படுகிறீர்கள் என்கிறார் நீதிபதி. எல்ஸ்பர்க் தப்பித்தது அந்த நியாயத்தைச் சொல்லி அல்ல. அதிபர் நிக்சனின் ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தை உடைத்துப் புகுந்தது அம்பலமானதால் வழக்கு மொத்தமாகத் தள்ளுபடியானது. அரசே பெரிய குற்றம் செய்து மாட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால் அவர் கதி என்ன?

"முறையான வழி" என்ற வாதம்

மேலதிகாரிகளிடம் முறையிட்டிருக்கலாமே என்பது அடுத்த வாதம். தாமஸ் டிரேக் அதைத்தான் செய்தார். என்.எஸ்.ஏ.வின் மூத்த அதிகாரியான அவர், வீண்செலவும் சட்டமீறலும் நடப்பதாக முகமையின் உள் ஆய்வாளரிடம் சொன்னார், பாதுகாப்புத் துறை ஆய்வாளரிடம் சொன்னார், நாடாளுமன்றக் குழுக்களிடமும் சொன்னார். எதுவும் நடக்காததால் கடைசியில் ஒரு பத்திரிகை நிருபரிடம் பேசினார். வீட்டில் எஃப்.பி.ஐ. சோதனை; 2010இல் பத்துக் குற்றச்சாட்டுகள், அதிகபட்சம் 35 ஆண்டு சிறை. 2011இல் வழக்கு நொறுங்கி, கணினியை அனுமதி மீறிப் பயன்படுத்தினார் என்ற சிறு குற்றத்தில் முடிந்தது. அதற்குள் வேலை போயிற்று, சேமிப்பு போயிற்று. பிறகு அவர் பிழைப்புக்காகப் போனது ஒரு ஆப்பிள் கடையில் விற்பனை வேலைக்கு. டிரேக்கைப் பார்த்துத்தான் பாடம் கற்றேன் என்று ஸ்னோடென் சொல்லியிருக்கிறார். ஒப்பந்த ஊழியர்களுக்கு அப்போதிருந்த சட்டப் பாதுகாப்பு டிரேக்குக்கு இருந்ததைவிடவும் மெலிந்தது.

ஆனாலும் இங்கே ஸ்னோடென் தரப்பு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. பத்துக்கும் மேற்பட்ட அதிகாரிகளிடம் கவலை தெரிவித்தேன் என்கிறார். என்.எஸ்.ஏ. வெளியிட்டது ஒரே ஒரு மின்னஞ்சல். 2013 ஏப்ரலில் சட்டப் பிரிவுக்கு எழுதியது. அதில் அதிபரின் ஆணைகளும் நாடாளுமன்றச் சட்டங்களும் எந்த வரிசையில் வரும் என்று கேட்டிருக்கிறார். முறையீடு என்று அதைச் சொல்வது கடினம். கிளாப்பரின் பொய்தான் தன் பொறுமை உடைந்த இடம் என்றும் சொன்னார். கிரீன்வால்டுக்கு அவர் முதல் மின்னஞ்சல் அனுப்பியது 2012 டிசம்பரில், அந்தப் பொய்க்கு மூன்று மாதம் முன்னாலேயே. பொய் அவர் முடிவை உறுதிப்படுத்தியிருக்கலாம். தொடங்கி வைத்தது அது இல்லை.

எதிர்த் தரப்பின் வலுவான பக்கம்

துரோகி என்பவர்களின் கையில் இருக்கும் உண்மையான சரக்கு வெரைசன் உத்தரவு அல்ல. மற்ற காகிதங்கள்தான்.

நாடாளுமன்றக் கீழவையின் உளவுத்துறைக் குழு 2016இல் வெளியிட்ட அறிக்கை, அவர் 15 லட்சம் ஆவணங்களை எடுத்ததாகவும், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் அமெரிக்கர்களின் அந்தரங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்கிறது. அந்த அறிக்கையில் பிழைகள் உண்டு, செய்தியாளர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் மையக் குற்றச்சாட்டைப் பிழைகளைக் காட்டித் தள்ளிவிட முடியாது. ஹாங்காங்கில் இருந்தபோதே அங்குள்ள நாளிதழிடம், சீனாவிலும் ஹாங்காங்கிலும் உள்ள கணினிகளுக்குள் என்.எஸ்.ஏ. ஊடுருவியதைப் பற்றி ஸ்னோடென் பேசினார். வேறு நாட்டை வேவு பார்ப்பதற்காகவே வைத்திருக்கும் முகமை, வேறு நாட்டை வேவு பார்த்தது. இதில் அமெரிக்கக் குடிமகனின் எந்த உரிமை மீறப்பட்டது? வெரைசன் உத்தரவுக்குச் சொன்ன நியாயம் இதற்குப் பொருந்தாது. ஆயிரக்கணக்கான ஆவணங்களைத் தானே முழுக்கப் படிக்காமல், எதை வெளியிடலாம் என்ற முடிவைப் பத்திரிகையாளர்களிடம் விட்டதும் சரியான பொறுப்பு என்று சொல்ல மாட்டேன். 2014 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஓர் ஆவணத்தை வெளியிட்டபோது மறைக்க வேண்டிய பகுதியைச் சரியாக மறைக்காமல் விட்டது. நல்லெண்ணம் உள்ள பத்திரிகையிலும் இது நடக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் தரப்பில் நின்று பார்த்தால் இதே விஷயம் வேறு மாதிரி இருக்கிறது, அதையும் ஒதுக்க முடியாது. ஜெர்மன் பிரதமர் ஏஞ்செலா மெர்க்கலின் கைபேசி இலக்கில் இருந்தது நட்பு நாட்டின் தலைவருக்கு நடந்த அவமதிப்பு. 2013 மார்ச் மாதம் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல் துணுக்குகள் திரட்டப்பட்டதாக ஓர் உள் வரைபடம் காட்டியது. எண்ணிக்கையில் உலகில் ஐந்தாம் இடம். அப்படியிருந்தும் ஸ்னோடெனின் அடைக்கல விண்ணப்பத்தை இந்தியா உடனே நிராகரித்தது. கூகுளின் தரவு மையங்களுக்கு இடையே ஓடும் இணைப்பை வெளிநாட்டில் ஒட்டுக் கேட்டதைக் காட்டும் ஒரு கைப்படமும் வெளியானது. மஞ்சள் தாளில் வரைந்த பெட்டிகள், பொது இணையமும் கூகுளின் உள்வலையும் சந்திக்கும் இடத்தில் ஓர் அம்பு, இங்கேதான் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) நீங்குகிறது என்ற குறிப்பு, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்த கூகுள் பொறியாளர்களின் ஆத்திரம் சும்மா போகவில்லை. நிறுவனங்கள் தங்கள் உள் இணைப்புகளையும் மறையாக்கம் செய்யத் தொடங்கின.

கடைசியாக ரஷ்யா. எதிர்த் தரப்புக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. 2013 ஜூன் 23 அன்று மாஸ்கோவில் இறங்கியபோது அவர் ரஷ்யாவில் தங்கப் போகவில்லை, லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிற வழியில்தான் இருந்தார் என்பது அவர் தரப்பு. பாஸ்போர்ட்டை அமெரிக்கா ரத்து செய்திருந்தது; 39 நாள் விமான நிலையத்தில் கிடந்தார். பொலிவியா அதிபரின் விமானத்தில் அவர் இருக்கிறாரோ என்ற சந்தேகத்தில் அதையே வியன்னாவில் இறங்க வைத்தார்கள். ஆக, அவரை ரஷ்யாவில் மாட்ட வைத்ததில் அமெரிக்காவின் பங்கும் பெரிது. ரஷ்ய உளவுத்துறையோடு அவருக்குத் தொடர்பு இருந்தது, இருக்கிறது என்று கீழவைக் குழு எழுதியது. ஆதாரப் பகுதி கறுப்பு மையால் மூடப்பட்டிருக்கிறது. மாஸ்கோவுக்கு ஆவணம் எதையும் கொண்டுபோகவில்லை என்கிறார் அவர். ஆதாரத்தைக் காட்டாமல் ஒருவரை எதிரியின் ஆள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. எதிரி நாட்டில் மாட்டிக்கொள்வதும் எதிரிக்கு உதவுவதும் வேறு வேறு.

ஆனால் 2014 ஏப்ரலில் புதினின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றி, ரஷ்யா மக்களை மொத்தமாகக் கண்காணிக்கிறதா என்று அவர் கேட்டதும், இல்லை என்று புதின் வசதியாகப் பதில் சொன்னதும் பார்க்கவே வேதனையாக இருந்தது. கிளாப்பரிடம் வைடன் கேட்டதுபோல் கேட்கத்தான் முயன்றேன் என்று மறுநாளே விளக்கம் எழுதினார். வைடனுக்குப் பின்னால் ஒரு செனட் இருந்தது, சுதந்திரமான பத்திரிகைகள் இருந்தன. புதினின் மேடையில் அது எதுவும் இல்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் படையெடுப்பு பற்றிய எச்சரிக்கைகளை அவர் கேலி செய்தார். படைகள் எல்லை தாண்டியதும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று புதின் கையெழுத்தில் ரஷ்யக் குடியுரிமை வந்தது. பிறந்த நாட்டின் அத்துமீறலைச் சொல்ல உயிரைப் பணயம் வைத்த மனிதர், அடைக்கலம் தந்த நாட்டின் போரைப் பற்றி அடக்கி வாசிப்பதைப் பார்க்கும்போது அவரை மதிக்கிற எனக்கு மனம் கனக்கிறது. அங்கே வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும்தான். இதனால் 2013இல் அவர் செய்தது துரோகமாக மாறிவிடாது. வெரைசன் உத்தரவு, அதை யார் வெளியிட்டாலும், அவர் பிறகு எங்கே வாழ்ந்தாலும், அதே உத்தரவுதான்.

வழக்கின் இன்றைய நிலை

மூன்று குற்றச்சாட்டுகளும் அப்படியே இருக்கின்றன. ஒபாமா பதவி விலகும்போது, ராணுவ ரகசியங்களை விக்கிலீக்ஸுக்குக் கொடுத்த செல்சி மேனிங்கின் 35 ஆண்டு தண்டனையைக் குறைத்தார். ஸ்னோடெனுக்கு எதுவும் இல்லை. 2013இல் அவரைத் துரோகி என்று திட்டிய டிரம்ப், 2020 ஆகஸ்டில் மன்னிப்பைப் பற்றி யோசிக்கிறேன் என்றார். அந்தப் பதவிக்காலம் மன்னிப்பு தராமலே முடிந்தது. கிளாப்பர் 2013 ஜூனில் தன் பதில் தவறானது என்று செனட் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் மீது வழக்கு எதுவும் பதியப்படவில்லை. 2017 ஜனவரியில் ஓய்வு பெற்றார்.

எனக்கு ஒரு வழி தெரிகிறது, பலரும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதுதான். உளவுச் சட்டத்தில், பத்திரிகைக்குக் கொடுத்தவர் தன் காரணத்தை ஜூரிகளிடம் சொல்ல இடம் வேண்டும். ஆவணம் ஆவணமாக எடுத்து வைத்து, இதில் பொது நலன் இருந்ததா, இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு விசாரணையில் வெரைசன் உத்தரவுக்கு ஒரு பதிலும், சீனக் கணினிகள் பற்றிய தகவலுக்கு வேறொரு பதிலும் வரலாம். சிலவற்றுக்கு அவர் சிறை போக வேண்டியும் வரலாம். அதை நான் எதிர்க்க மாட்டேன்.

ஸ்னோடெனும் கேட்பது இதைத்தான். 2019இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில், ஏன் செய்தேன் என்பதை ஜூரி கேட்கும்படியான நேர்மையான விசாரணைக்கு உத்தரவாதம் தந்தால் திரும்பி வரத் தயார் என்றார். எழுத்தில் அமெரிக்க அரசு தந்திருக்கும் உத்தரவாதம், ஹோல்டர் 2013 ஜூலை 23 அன்று ரஷ்ய நீதித்துறை அமைச்சருக்கு அனுப்பிய கடிதத்தில் இருக்கிறது: மரண தண்டனை கேட்க மாட்டோம், சித்திரவதை செய்ய மாட்டோம், சாதாரண சிவில் நீதிமன்றத்தில்தான் விசாரிப்போம். காரணத்தைச் சொல்ல விடுவோம் என்று அதில் இல்லை.